மேடைப் பெட்டி வீட்டுக்குள் வரலாமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் மைக் செட் கடை இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆடி பிறந்து பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளத் தொடங்கினால் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கு உறக்கமில்லை. தை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. நடுவே கட்சிக் கூட்டங்கள். இந்த வேலைகளுக்கென்று செய்யப்பட்ட 12 இன்ச், 15 இன்ச் பெட்டிகள் புதிதாகவும் பழையதாகவும் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் ஒருவர் புறநகர் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். அங்கே அவருக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அழகான சிறு பெட்டிகளோடு வரும் ஹோம் தியேட்டர். இன்னொன்று, கறுப்புப் பெயின்ட் அடித்த, இரும்பு வலை போட்ட, தூக்கினால் முதுகு பிடிக்கும் மேடைப் பெட்டி.

இரண்டாவதை வாங்குபவரை "வீட்டுக்கு எதுக்குப்பா இவ்வளவு சத்தம்?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. பெட்டியின் இயல்பு, அறையின் அளவு, கேட்பவரின் காது, பக்கத்து வீட்டுச் சுவர், வீட்டுக்கு வரும் மின்சாரம் என்று ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். தொழிற்சாலை இரைச்சலில் நாள் முழுக்க நிற்பவர்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் காதைப் பற்றிய பகுதிதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

பிறப்பு ஒன்று, பிரிந்த வழி இரண்டு

ஒலிபெருக்கி முதலில் கூட்டத்துக்காகத்தான் பிறந்தது. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்குத் தங்கள் மேக்னவாக்ஸ் கருவியை ஒலிக்கவிட்டார்கள். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் இன்று நாம் காணும் காயில்–கோன் ஸ்பீக்கரின் அடிப்படையை வகுத்தார்கள். அடுத்த ஆண்டே, பேசும் படங்களுக்காக வென்ட்டும் துராஸும் உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 வந்தது. ஹாரன் வாயில் பொருத்தும் கம்ப்ரஷன் டிரைவர்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் சில வாட்டுகளே கொடுத்தன. அந்தச் சில வாட்டுகளைக் கொண்டு ஒரு முழுத் திரையரங்கை நிரப்ப வேண்டும். ஆகவே கிடைக்கிற மின்சாரத்தில் எவ்வளவு கூடுதலாக ஒலியாக மாற்ற முடியுமோ அவ்வளவையும் மாற்றும் பெரிய பெட்டிகளும் ஹாரன்களும் செய்யப்பட்டன. 1945இல் ஆல்டெக் லான்சிங் கொண்டுவந்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசை அந்தச் சிந்தனையின் உச்சம். இந்தியாவில் மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துப் பெயர் பெற்றது. பின்னர் டெல்லியின் அஹூஜா, ஊர்தோறும் மைக் செட் என்றாலே நினைவுக்கு வரும் பெயராயிற்று.

வீட்டு ஸ்பீக்கர் வேறு வழியில் திரும்பியது 1954இல். அந்த ஆண்டு எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிசர்ச் ஏஆர்-1 என்ற சிறிய, காற்றுப் புகாத பெட்டியை வெளியிட்டார். அளவில் சிறியது, ஆனால் அதுவரை பெரிய அலமாரிப் பெட்டிகள் மட்டுமே கொடுத்த ஆழமான பேஸை அது கொடுத்தது. அதற்கான விலை, அது வாட்டுகளை விழுங்கியது. டிரான்சிஸ்டர் வந்து வாட்டுகள் மலிவானதும் அந்த விலை யாருக்கும் உறுத்தவில்லை. வீட்டு ஸ்பீக்கர்கள் சிறுத்தன, பேஸ் ஆழமானது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒலி குறைந்தது.

ஒலிப் பொறியாளர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று சொல்வது இதைத்தான். பெட்டி சிறியதாக வேண்டும், பேஸ் ஆழமாக வேண்டும், குறைந்த வாட்டில் நிறைய ஒலி வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மிஞ்சும் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் மூன்றாவதை விட்டது. மேடைப் பெட்டி மூன்றாவதைப் பற்றிக்கொண்டு, முதல் இரண்டிலும் ஓரளவு விட்டுக்கொடுத்தது. இரண்டும் வெவ்வேறு தேவைக்கு எடுத்த முடிவுகள். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

எல்லையைத் தாண்டிப் போனவையும் உண்டு. பால் கிளிப்ஷின் 'லா ஸ்காலா' 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் வின்த்ராப் ராக்கஃபெல்லரின் தேர்தல் பிரசாரத்துக்காக உருவான மேடைப் பெட்டி. பிறகு வீட்டு ஸ்பீக்கராகப் புகழ்பெற்று இன்றும் விற்கிறது. ஜப்பானில் இச்சினோசெக்கி என்ற சிறு நகரின் 'பேஸி' ஜாஸ் காபிக்கடைக்கு, அங்குள்ள பெரிய ஜேபிஎல் ஸ்பீக்கர்களைக் கேட்பதற்கென்றே தொலைவிலிருந்து ஆட்கள் வந்ததுண்டு. எதிர்த்திசையில் போனது யமஹா என்எஸ்-10. 1978இல் வீட்டுக்காக வந்தது. உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களின் மேஜையில் போய் அமர்ந்தது. மேடை, கூடம், வீடு என்ற பிரிவு இயற்கை வகுத்த எல்லை இல்லை என்பதற்கு இந்த மூன்றும் சான்று.

வாட்டுக் கணக்கு சொல்லும் உண்மை

மேடைப் பெட்டியின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்பது, 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. சிறிய வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 85 என்று வைத்துக்கொள்வோம். 12 இன்ச் மேடைப் பெட்டிக்கு 97 சாதாரணம். வித்தியாசம் 12 டெசிபல். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். ஆக 12 டெசிபலுக்கு 16 மடங்கு.

கேட்பவர் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தொலைவால் சுமார் 9.5 டெசிபல் குறையும். இரண்டு பெட்டிகள் சேர்வதால் 3 கூடும். வீட்டில் ஆழ்ந்து பாட்டுக் கேட்க சராசரி 75 டெசிபல் தாராளம். அந்த 75ஐ எட்ட மேடைப் பெட்டிக்கு வேண்டியது ஒரு வாட்டில் நூற்றில் மூன்று பங்கு. வீட்டு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ அரை வாட். அறைச் சுவர்களின் எதிரொலி இந்தத் தேவையை இன்னும் குறைக்கவே செய்யும்.

இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தவில் அடி, பறையின் முதல் வீச்சு, படத்தில் திடீரென்று அறையும் கதவு ஆகியவை சராசரியைவிட 20 டெசிபல் உயரக்கூடும். அதற்கு வாட் 100 மடங்கு. அந்தக் கணத்தில் மேடைப் பெட்டி 3 வாட் கேட்கும். வீட்டு ஸ்பீக்கர் 45 வாட் கேட்கும். சிறு ஆம்ப்ளிஃபையர் அங்கே மூச்சு முட்டி, தவில் அடியின் முனையை மழுக்கிவிடும். காயிலும் சூடாகும், சூடான காயிலின் மின்தடை கூடி, ஒலி இன்னும் அழுங்கும். மேடைப் பெட்டியின் கோன் அதே அடிக்குச் சற்றே அசைகிறது. காயில் சூடாவதே இல்லை. அடி, அடியாகவே வருகிறது.

இந்தக் கையிருப்புக்காகத்தான் மேடைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்த ஒலியிலும் தெளிவு கெடாமல், திடீர் உயர்வுகள் நசுங்காமல் கேட்பதே அதன் பயன். 500 வாட் என்று எழுதியிருப்பதால் 500 வாட்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்கும் 4440 ஐசி போர்டு, இரண்டு பக்கத்துக்கும் தலா 6 வாட்தான் கொடுக்கும். மேலே போட்ட கணக்குப்படி, 97 டெசிபல் பெட்டி ஒரு ஜோடி இருந்தால் அந்த 6 வாட்டே ஒரு வீட்டு அறைக்குப் போதும். 'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' என்று அட்டையில் அச்சடித்து விற்பதை நம்பிப் பணத்தை இழப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்க வேண்டியவை

முதல் இழப்பு ஆழமான பேஸ். பெரும்பாலான 12 இன்ச் மேடைப் பெட்டிகள் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். திருவிழாவில் அடிவயிற்றில் அதிர்வது தனியாக அடுக்கியிருக்கும் 18 இன்ச் பெட்டிகளால். கர்நாடக சங்கீதக் குரலுக்கும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இது குறையே இல்லை. அவற்றின் சுரங்கள் எல்லாம் 80 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். ஆனால் பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் கிடாரைத் தொடர்ந்து கேட்டு மகிழ்பவர்களுக்கு அந்தத் தந்தி முழு உருவோடு வேண்டும். வழி எளிது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஒரு நல்ல வீட்டு சப்வூஃபரிடம் விட்டுவிட்டு, மேலே உள்ளதை மட்டும் மேடைப் பெட்டிக்குக் கொடுக்கலாம். கீழ்ச்சுமை இறங்கியதும் மேடைப் பெட்டியின் நடுப்பகுதி இன்னும் துலங்கும்.

இரண்டாவது, 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். ஆம்ப்ளிஃபையர் உள்ளே அமைந்த ஆக்டிவ் பெட்டிகளில் கம்ப்ரஷன் டிரைவர் நேரே ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருக்கும். அதன் சென்சிட்டிவிட்டி 108 டெசிபல்வரை போகும். 500 வாட் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் அதன் உச்சத்திலிருந்து 100 டெசிபல் கீழே இருக்கிறது என்று கொண்டாலும், அது 1 மீட்டரில் ஏறத்தாழ 35 டெசிபலாகக் காதில் விழும். திடலில் எவருக்கும் கேட்காது. இரவு பத்து மணிக்கு அமைதியான அறையில் கேட்கும். வால்யூமைக் குறைத்தாலும் போகாது. அது திருகுக்கு அப்பால் பிறப்பது. தனி ஆம்ப்ளிஃபையரோடு ஓடும் பாசிவ் பெட்டிகளில் கிராஸ்ஓவர் ஹாரனின் ஒலியளவைக் குறைத்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. சில மேடை ஆம்ப்ளிஃபையர்களின் விசிறிச் சத்தத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கும் முன் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் கேட்டுப் பார்ப்பது, பாட்டைப் போட்டுக் கேட்பதைவிடப் பயனுள்ள சோதனை.

மூன்றாவது, ஒலிச் சமநிலை. கூட்ட இரைச்சலைத் துளைத்துப் பேச்சு போய்ச் சேர வேண்டும் என்பதால் பல பெட்டிகள் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ்வரை சற்று எடுப்பாகவே செய்யப்படுகின்றன. வீட்டில் அது அரை மணி நேரத்தில் காதைக் களைப்படைய வைக்கும். பெட்டியின் பின்னால் 'லைவ்', 'ஸ்பீச்', 'மியூசிக்', 'ஃப்ளாட்' என்று தெரிவுகள் இருந்தால் ஃப்ளாட்டில் தொடங்குவது நல்லது. இன்னொன்றும் உண்டு: ஒலி குறையக் குறைய மனிதக் காதுக்கு பேஸ் அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். குறைந்த ஒலியில் மேடைப் பெட்டி மெலிந்து கேட்பதற்கு இதுவும் காரணம். வால்யூமைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. பேஸை இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் சரியாகிவிடும்.

நான்காவது, தொலைவு. பேஸ் கோனும் ஹாரனும் ஏறத்தாழ ஓர் அடி விலகியிருப்பதால் அவை ஒரே ஒலியாகச் சேர இடைவெளி வேண்டும். இரண்டு, இரண்டரை மீட்டருக்குள் உட்கார்ந்தால் குரல் ஓரிடத்திலும் அதன் 'ச'கரம் வேறிடத்திலும் இருந்து வரும். மேஜையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பவருக்கு மேடைப் பெட்டி வேண்டாம். 5 இன்ச் ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி போதும்.

நம் வீட்டு அறை

கான்கிரீட் கூரை, சிமென்ட் பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை. இவை எவையும் ஒலியை உறிஞ்சுவதில்லை. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸிலும் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸிலும் அறை தானே முழங்கும். அகலமும் உயரமும் ஒரே 10 அடியாக இருப்பதால் 56இல் முழக்கம் இரட்டிக்கும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை 'கும்' என்று ஊதும். வேறொரு சுரம் காணாமலே போகும். இப்படிப்பட்ட அறையில் சுமார் 300 ஹெர்ட்ஸ்வரை ஒலியை ஆள்வது பெட்டியைவிட அறைதான். எத்தனை ஆயிரம் கொடுத்து எந்தப் பெட்டி வாங்கினாலும் இது மாறாது.

300க்கு மேலே மேடைப் பெட்டிக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதன் ஹாரன் ஒலியை 90 பாகை அல்லது 60 பாகை என்ற வரம்புக்குள் அனுப்புகிறது. வழக்கமான வீட்டு ட்வீட்டர் அதைவிட அகலமாகத் தெளிக்கும். வெறும் சுவர் உள்ள அறையில் பக்கச் சுவரில் குறைவாகப் பட்டால், குரல் அவ்வளவு தெளிவாக வரும். பெட்டிகளை உட்புறமாகத் திருப்பி, ஹாரன் காது மட்டத்தில் இருக்கும்படி வைத்தால் டைல்ஸ் தரை வீட்டிலும் பாடலின் சொற்கள் துல்லியமாக விழும். மேடையில் ஸ்டாண்டு போட்டுத் தலைக்கு மேல் ஏற்றுவது பின்வரிசைக்காக. வீட்டில் அது தேவையில்லை.

பெட்டியை மூலையில் தள்ளினால் பேஸ் ஊதும். சுவரிலிருந்து இழுத்து, சில அங்குலங்கள் நகர்த்தி நகர்த்திக் கேட்க வேண்டும். மெல்லிய திரையும் கோரைப்பாயும் மேல் ஒலியை மட்டும் உறிஞ்சும். ஓரம் சாய்த்துவைத்த இலவம்பஞ்சு மெத்தையும் நிறைந்த புத்தக அலமாரியும் நடு ஒலியிலும் உதவும். 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கேற்ற ஒரு அளவீட்டு மைக்கை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விட்டால், ஒவ்வொருவர் அறையும் எந்த அதிர்வெண்ணில் முழங்குகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஷிஃப்ட் முடிந்து வரும் காது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகளும் உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் இருக்கின்றன. உலகெங்கும் இரைச்சல் மிகுந்த தொழில்களின் வரிசையில் இவை முன்னால் நிற்பவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழான விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்தன. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்க வேண்டிய தொழில் நோயாகவே பட்டியலிட்டது.

எட்டு மணி நேரம் இரைச்சலில் நின்ற காது சில மணி நேரத்துக்கு மந்தமாகிவிடும். இது தற்காலிகமானது, ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் மீளும். ஆனால் மந்தமான அந்தக் காதோடு வீட்டுக்கு வந்து பாட்டுப் போடுபவர், வழக்கமான ஒலி போதவில்லை என்று திருகைக் கூட்டுகிறார். ஓய்வு எடுக்க வேண்டிய மணி நேரத்தில் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குகிறது. சிறு ஸ்பீக்கராக இருந்தால் ஒரு கட்டத்தில் கரகரத்து, போதும் என்று எச்சரிக்கும். மேடைப் பெட்டி எச்சரிக்காது. 100 டெசிபலிலும் அது சுத்தமாகவே பாடும். அதன் மிகப்பெரிய நற்குணமே இங்கே ஆபத்தாகிறது.

இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டியே விழும். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரிதும் அந்தப் பகுதியை நம்பியிருக்கிறது. அதனால்தான் பலருக்கு, "சத்தம் கேட்கிறது, என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்ற நிலை வருகிறது. அவர்கள் ட்ரெபிளைத் திருகி ஏற்றுகிறார்கள். ஏற்கனவே அந்தப் பகுதியை எடுப்பாகக் கொடுக்கும் மேடைப் பெட்டியில் ட்ரெபிளையும் ஏற்றினால், அடிபட்ட இடத்திலேயே மேலும் அடி விழுகிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற அளவைப் பாதுகாப்பான கேட்புக்கு எல்லையாகச் சொல்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். 83க்கு 20 மணி, 89க்கு 5 மணி, 95க்கு ஒன்றேகால் மணி. வாரம் முழுக்க அவ்வளவுதான். ஆலையில் நிற்பவருக்கு அந்த வாரக் கணக்கு பணியிடத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். எனவே அவருக்கு நான் சொல்வது: வேலை முடிந்து வந்ததும் குறைந்தது ஓரிரு மணி நேரம் காதுக்கு அமைதி கொடுங்கள், விடுமுறை நாள் காலையில், காது தெளிந்திருக்கும்போது, உங்களுக்கு இதமான ஒலியைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் திருகுக்கு ஒரு கோடு போடுங்கள், மற்ற நாள்களில் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். போனில் கிடைக்கும் ஒலி அளவிச் செயலி தோராயமாகத்தான் காட்டும் என்றாலும், 75க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள அது போதும். வேலையிடத்தில் காதடைப்பான் அணியாமல் வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வாங்குவது, கேட்கப் போகும் இசையின் ஒரு பகுதியை முன்கூட்டியே இழப்பதாகும்.

சுவருக்கு அப்பால்

இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். தொழிற்பகுதிக்கு 75, 70. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஆக, குடியிருப்பில் உள்ள ஒரு வீட்டு வாசலில் பகலில் 60, இரவில் 50. சிப்காட்டை ஒட்டியிருப்பதாலேயே ஒரு தெரு தொழிற்பகுதி ஆகிவிடாது.

எண்ணுக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. சட்டம் சொல்லும் அளவு, காதின் இயல்புக்கேற்ப பேஸைத் தள்ளுபடி செய்யும் ஏ-வெயிட்டிங் அளவு. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் அது 30 டெசிபலைக் கழித்துவிடும். அளவி 50 என்று காட்டும்போதே பக்கத்து வீட்டுப் பாத்திர அலமாரி அதிர்ந்துகொண்டிருக்கலாம். குரலைத் தடுக்கும் செங்கல் சுவர் பேஸை அவ்வளவாகத் தடுக்காது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஒரே சுவரைப் பகிரும் லைன் வீடுகளில் உள்ளூர்த் தொழிலாளரும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவருக்குப் பகல் பதினொரு மணிதான் நடு இரவு. அவருடைய உறக்கத்துக்குச் சட்டத்தில் தனி எண் இல்லை. அதைக் காப்பது அண்டை வீட்டாரின் கடமை. லைன் வீட்டில் சப்வூஃபர் வேண்டவே வேண்டாம் என்பேன். பேஸ் இயல்பாகவே 60இல் நிற்கும் மேடைப் பெட்டி அங்கே ஒரு விதத்தில் நல்லதும்கூட.

மின்சாரமும் உப்புக்காற்றும்

மேடைக் கருவிகள் எக்ஸ்எல்ஆர் கேபிளில், பேலன்ஸ்டு முறையில் இணைவதற்கானவை. டிவி, போன், கணினி எல்லாம் ஆர்சிஏ அல்லது சிறு பின்னில் குறைந்த வோல்ட் கொடுப்பவை. மேடைத் தரத்தின் அளவு 1.23 வோல்ட், வீட்டுத் தரத்தின் அளவு 0.316 வோல்ட். எனவே போனின் வால்யூமை ஏறத்தாழ முழுதாக வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை ஒரு சிறு மிக்சரிலோ பெட்டியின் திருகிலோ வைப்பது நல்லது. டிவியும் ஆக்டிவ் பெட்டியும் வேறு வேறு பிளக்கில் எர்த் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' வரலாம். அப்போது எர்த் பின்னை உடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உலோகப் பாகங்கள் கொண்ட கருவியில் அது உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பார்க்கலாம். போகவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் பெட்டி வாங்கலாம்.

காலநிலையில் மேடைப் பெட்டிக்கே முழு மதிப்பெண். பழவேற்காடு முதல் ஆரம்பாக்கம் வரை உப்புக்காற்று. ஆண்டு முழுக்க ஈரப்பதம். பல வீட்டு ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிரும். மேடை ஸ்பீக்கர்களில் அந்த இடத்தில் பசை தோய்த்த துணி மடிப்பு இருப்பதால் பல்லாண்டு தாங்கும். ஏதாவது ஆனாலும், ஊரிலேயே காயில் கட்டிக் கோன் மாற்றித் தரும் மெக்கானிக் கிடைப்பார்.

எதை வாங்கலாம், எதை விடலாம்

கூம்பு ஹாரன்கள் பேச்சுக்கு மட்டும். கோயில், பள்ளிகளில் மாட்டும் நீண்ட தூண் வடிவ ஸ்பீக்கர்களில் பல 100 வோல்ட் லைனுக்கானவை. உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பேஸையும் மேல் ஒலியையும் நறுக்கிவிடும். இவ்விரண்டும் இசைக்கு ஆகாது. பழைய இரட்டை 15 இன்ச் டிஜே பெட்டி மலிவாகக் கிடைக்கும். வீட்டு அறைக்கு அது பெரிது, ஒலியும் முரடு. என் தெரிவு, நல்ல ஹாரன் உள்ள 10 அல்லது 12 இன்ச் பாசிவ் பெட்டி ஒரு ஜோடி, அதோடு இரைச்சல் குறைந்த ஒரு சாதாரண வீட்டு ஆம்ப்ளிஃபையர்.

பழையது வாங்கினால் மல்டிமீட்டர் கொண்டுபோக வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டும். கோனை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து மெல்ல அழுத்தினால் உரசல் தெரியக் கூடாது. பேஸ் ஸ்பீக்கரின் பாசிட்டிவ் முனையில் ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவைத் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். ஜோடியில் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் வயர் மாறியிருக்கிறது, பேஸ் எழவே எழாது. லேபிளில் பெரிய பெயர் இருந்தால், காந்தத்தின் எடையையும் உட்புற வேலைப்பாட்டையும் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மேடைப் பெட்டி வீட்டுக்குள் வரலாம். ஹால் ஓரளவு பெரிதாக இருந்து, இரண்டரை மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து, குரலையும் தாளத்தையும் உயிரோடு கேட்க விரும்புகிறவருக்கு, கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நேர்மையான ஒலி கிடைப்பது அரிது. சிறிய அறைக்காரர், மேஜையில் கேட்பவர், சுவரைப் பகிர்ந்துகொண்டு ஆழமான பேஸையும் விரும்புகிறவர் ஆகியோர் வேறு வழி தேடுவதே நல்லது. யார் வாங்கினாலும் நிபந்தனை ஒன்றுதான்: 3 வாட்டில் அழகாகப் பாடக்கூடிய பெட்டியை 3 வாட்டிலேயே பாடவிட வேண்டும். நம் வட்டாரத்தின் உழைப்பாளிகள் கூலிக்காக ஏற்கனவே தங்கள் காதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டார்கள். மீதியைப் பாட்டுக்கும், பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதற்கும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு.